முத்திரை விழுந்த படம்

படத்தில் கைவைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஐயா. கல்யாண ஆல்பத்தில் என் மனைவியின் நிறத்தைக் கூட்டிவிட்டான் என்று ஸ்டூடியோக்காரனிடம் மல்லுக்கு நின்றவன் நான்.

போக்குவரத்து அலுவலகத்தில் என் வேலையே அதுதான். சாலைக் கேமராக்களின் படங்கள் என் கணினிக்கு வரும். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் ஒன்றைப் பதிப்பேன். அதன்பிறகு யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த முத்திரை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். முத்திரை உடையாத படத்துக்குக் கோர்ட்டில் மறுபேச்சு கிடையாது.

எனக்கும் தம்பிக்கும் ஒரே கார். முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு மீசை, அவனுக்குக் கண்ணாடி. அன்று காலை சைக்கிளில் வந்த பெண்ணை இடித்தது நான். திரும்பிப் பார்த்தபோது அவள் கை அசைந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் நிற்கவில்லை. இருக்கைக்குப் போனால், படம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது.

நிதானமாகத்தான் யோசித்தேன். எனக்குப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். தம்பிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. தூக்க மாத்திரை போட்டுப் பழகியவன். பாதிப் பொழுது என்ன செய்தோம் என்பதே அவனுக்கு நினைவிருக்காது. வீட்டில் ஒருவர் போகத்தான் வேண்டுமென்றால் யார் போவது நியாயம்? படத்தில் இருந்த என் முகத்தில் மீசையை எடுத்தேன், கண்ணாடியை மாட்டினேன். பிறகு முத்திரையைப் பதித்தேன்.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. லாக்கப்பில் தம்பியைப் பார்க்கப் போனேன்.

"அண்ணா, நான் வீட்லதான் தூங்கிட்டு இருந்தேன். யாரோ படத்த மாத்திட்டாங்க. நீ பாத்தியா?"

"பாத்தேன்டா. ஒரு புள்ளிகூட மாறல."

நான் சொன்னால் அவனுக்கு அப்பீல் கிடையாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அப்போ நான்தான் போலிருக்கு. எனக்கு ஞாபகமே இல்லண்ணா. அந்தப் பொண்ணு உயிரோட கிடந்துச்சாமே, நிக்காமயா போனேன்?"

"ஆமாடா. நிக்காம போயிட்ட."

அழுதான். தோளைத் தட்டிக்கொடுத்தேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னான். போய்க் கேட்டேன்.

கேமராவுக்குள்ளேயும் ஒரு பிரதி தங்கும் என்பது எனக்குத் தெரியாது. அதைப் பழுதுபார்க்கக் கழற்றியவர் கண்ணில் என் மீசை பட்டது என் கெட்ட நேரம். அதற்கு முந்தின வாரமே சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டது தம்பியின் கெட்ட நேரம்.

இடித்தேன், நிற்காமல் போனேன், தம்பியை மாட்டிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை மோசடிக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. முத்திரை விழுந்த பிறகு அந்தப் படத்தை நான் தொடவே இல்லை.