கேப்டன் சாப்பிட்ட மேஜை

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகுதான் நான் ஏலத்தைத் தொடங்குவேன். யாரையும் வெறும் வயிற்றோடு ஏலம் கேட்க விட்டதும் கிடையாது. டீ, சமோசா உண்டு. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய என் கொட்டகையில் நாற்காலியும் ஃபேனும் போட்டு, மரியாதையாகத்தான் நடத்தினேன். இதை முதலில் சொல்லக் காரணம், இப்போது என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

'லேடி ரோஸ்மண்ட்' என்று ஒரு பயணிகள் கப்பல். குஜராத்தில் அதை உடைத்தபோது என் கூட்டாளி யாசீன் லாரியோடு போய் சாமான் பிடித்துவந்தான். பித்தளை விளக்கு, வட்ட ஜன்னல், பீங்கான் தட்டு. எல்லாம் அசல். தாம்பரத்தைச் சுற்றி அபார்ட்மென்டுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. புது ஹால் வாங்கியவர்களுக்கு அதில் வைக்க ஒரு பழைய கௌரவம் வேண்டியிருந்தது. வட்ட ஜன்னலைப் பூஜை அறைக் கதவில் பதித்தவர் உண்டு. கடலில் வீசும் உயிர்காப்பு வளையத்தை மூன்றாவது மாடியில் மாட்டியவரும் உண்டு.

கஷ்டம் என்னவென்றால், கப்பல் தீர்ந்துபோயிற்று, ஆட்கள் தீரவில்லை.

அப்போதுதான் எங்கோ ஒரு பழைய ஆஸ்பத்திரியை இடித்தார்கள். அங்கிருந்து ஒரு பளிங்கு மேஜையை வாங்கிவந்தேன். சுற்றிலும் உயர்ந்த விளிம்பு, ஒரு பக்கமாக லேசான சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஓர் ஓட்டை. யாசீன் அதைத் தொடவில்லை.

"அண்ணே, இது பொணம் அறுக்குற டேபிளு. இத்த இன்னாத்துக்கு இங்க எறக்கிகினு கீற?"

"கல்லு நல்லா இருக்கு, பாரு."

"கல்லு நல்லாத்தான் கீது. மேல படுத்தவன் எவனாச்சும் நல்லா கீறானா?"

நானே ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். மேஜைமேல் எந்த அட்டையும் மாட்டவில்லை. மிச்சமிருந்த நாலைந்து கப்பல் சாமான்களுக்கு நடுவே நிறுத்தினேன், அவ்வளவுதான். இடம் அங்கேதான் இருந்தது.

சுந்தரராமன் சார் இன்சூரன்ஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அபார்ட்மென்டுக்குச் சங்கத் தலைவர். நீங்கள் ஊட்டிக்குப் போய்வந்ததாகச் சொன்னால் அவர் சுவிட்சர்லாந்து குளிரையும் லண்டனில் இருந்த நாட்களையும் சொல்வார். அந்த ஞாயிறு அவர் மேஜையருகே நின்றபோது, எல்லார் காதிலும் விழும்படி நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"சார், நீங்க லண்டன்லேர்ந்து கப்பல்லதானே திரும்பினீங்க? இந்தக் கப்பல்தானோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கூட்டம் அவரையே பார்த்தது.

"ஆஃப் கோர்ஸ். இது கேப்டன்ஸ் டேபிள் மிஸ்டர் ஜெபராஜ். இதுல அவரோட டின்னர் சாப்பிட்டிருக்கேன். கடல் ஆடுறப்ப தட்டு வழுக்காம இருக்கத்தான் இந்த விளிம்பு."

"இந்த ஓட்டை எதுக்கு சார்?"

"சூப் கொட்டினா வடியறதுக்கு."

நான் சேர்க்க எதுவும் இல்லை. இவ்வளவு சொன்ன பிறகு அவரால் அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. யாசீன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "துன்ற எடத்துல போடுவாங்கண்ணே, பாவம்ணே" என்றான். போய் டீயைப் பார் என்றேன். அன்றோடு அவன் அனகாபுத்தூரிலுள்ள மச்சான் கடைக்கே போய்விட்டான். தொழிலில் பொறுமை வேண்டும்.

சார் மகள் ஹேமாவின் நிச்சயதார்த்தத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. பையன் அவளே தேர்ந்தெடுத்தவன். அப்பாவைச் சம்மதிக்க வைக்கப் படாத பாடு பட்டிருந்தாள். தட்டு மாற்ற நல்ல நேரம் மதியத்துக்குமேல் என்பதால், முதலில் மேஜைமேல் வாழையிலை போட்டு, சம்பந்தி வீட்டாரை முதல் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். எனக்கும் ஒரு இலை போட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

பையனின் அப்பா சாம்பசிவன், ரிட்டயர்டு டாக்டர். உட்காரப் போனவர், இலையை ஓரமாக நகர்த்தி அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"இது ஏது சார்?"

சுந்தரராமன் சார் கப்பல், கேப்டன், சூப் எல்லாம் சொல்லி முடித்தார்.

"எனக்கும் இது பழக்கமான டேபிள்தான்" என்றார் டாக்டர்.

"அட, நீங்களும் அந்தக் கப்பல்ல வந்தீங்களா?"

"இல்ல சார். போஸ்ட்மார்ட்டம் பண்ணியிருக்கேன். இதுல யாரும் உக்காந்து நான் பார்த்ததில்ல."

பரிமாறிக்கொண்டிருந்தவர் கையில் சாம்பார் கரண்டி அப்படியே நின்றது.

டாக்டர் நல்ல மனிதர். "டேபிள் கெடக்கட்டும், தூக்கிப் போட்டுக்கலாம். ஆனா இதுல சாப்பிட்டேன்னு கண்ணைப் பார்த்துச் சொல்றீங்களே, அதான் உறுத்துது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வித்தவர் நீங்கதானே? கப்பல்னு நீங்க சொல்லித்தான் இவர் நம்பினாரா?"

ஒரு "ஆமா" போதும். சார் ஏமாந்தவர் ஆகியிருப்பார். ஏமாந்தவர் வீட்டில் பெண் எடுக்க யாருக்கும் தயக்கம் இருக்காது. சார் என்னைப் பார்த்தார். ஹேமாவும் பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல டாக்டர். சார்தான் சொன்னாங்க" என்றேன். அது சத்தியம்.

தட்டு மாற்றாமலே எழுந்து போனார்கள். பையன் பிறகும் சில நாள் போன் செய்ததாகக் கேள்வி. அப்புறம் அதுவும் இல்லை.

நான் இறங்கும்போது ஹேமா மாடிப்படிவரை வந்தாள்.

"அங்கிள், அது என்ன டேபிள்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்மா."

"அப்பாவுக்குக் கப்பலை எடுத்துக் கொடுத்ததும் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இந்த ஆமாவை மேல சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"சமயத்துக்குத் தக்கபடி பேச எனக்கு வராதும்மா" என்றேன்.

சார் போலீசுக்குப் போகவில்லை. போனால், அவர் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேஜையை எடுத்துப் போனால் போதும் என்றார். எடுத்துவந்தேன், லாரி வாடகைகூடக் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் வந்து மேஜையைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அரண்மனைப் பக்கமா சார்?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, "எங்க தாத்தா காலத்துல இப்படி ஒண்ணு வீட்ல இருந்துது" என்றார்.

நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் மனம் நோகும்படி பேசி எனக்குப் பழக்கம் இல்லை.