நாலாவது தலையாட்டல்

மாப்பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்து உட்கார்ந்தேன். சொஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது, முந்திரி மட்டும் லேசாகக் கருகல். எனக்குக் கிடைத்தது ஒன்றரை நொடி. அது போதும்.

இப்படி ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது, சார். 'நான் எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரன், தமிழ் படிப்பேன், தமிழிலேயே எழுதிக் கொடு' என்று இன்ஸ்பெக்டராகிய நீங்களே சொல்லிவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் நீலகண்டன். வலியசாலை அக்ரஹாரத்தில் அம்மா சீதாலக்ஷ்மி, தங்கை ஸ்மிதா, நான். கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் மனிதத் தலைகள் செய்கிறேன். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டருக்குள்தான். நம் ஊர் இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். எங்கள் வழி வேறு. ஒருவரின் தலையை முப்பரிமாணத்தில், இமை மயிர் வரை அச்சாகச் செய்து, பேசப் போகிறவரின் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவோம். பேசும்போது படம் போகாது. முகம் எப்படி அசைகிறது என்ற குறிப்பு மட்டும் போகும். அங்கிருக்கும் தலை அதன்படி அசையும், சிரிக்கும். பார்க்கிறவருக்கு ஆளே எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எங்கள் முதல் தலை ஸ்மிதாவுடையது. மூன்று வருஷம் எனக்காக உட்கார்ந்தாள். அசைவைப் பதிவு செய்ய முகத்தில் நாற்பத்திரண்டு புள்ளி ஒட்ட வேண்டும். சாலைக் கடைத்தெரு ஸ்டிக்கர் பொட்டே நன்றாக ஒட்டியது.

"என்னடா நீலு, கொழந்தைக்கு அம்மை போட்டாப்ல இருக்கே," என்பாள் அம்மா.

"அம்மைன்னா பள்ளிக்கூடத்துல லீவாவது தருவா," என்பாள் ஸ்மிதா, உதடு அசையாமல். அவள் டீச்சர்.

பெரிய தொல்லை தலையாட்டல்தான். சரி என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோமே, அதை, எங்களோடு வியாபாரம் பேசும் ஜெர்மன்காரர்களின் புரோகிராம் ஏதோ நடுக்கம் என்று நினைத்து நீக்கிவிடும். நம் ஆட்கள் திரையில் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நிற்பார்கள். அந்த ஒரு ஆட்டலுக்காக எட்டு மாதம் உழைத்தேன். ஜெர்மன்காரர்கள் அசந்துபோனார்கள். தலையையும் தலைக்குச் சொந்தக்காரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மார்ச் மாதம் வருவதாக எழுதினார்கள்.

அப்போது பார்த்து அம்மா ஸ்மிதாவுக்கு வரன் தேட ஆரம்பித்தாள். எல்லாம் அமெரிக்கா. நீங்களே சொல்லுங்கள், அவள் தாலி கட்டிக்கொண்டு போய்விட்டால் மார்ச்சில் யார் வந்து உட்காருவது?

நான் எதையும் தடுக்கவில்லை. பெண் பார்ப்பது நம் மெஷினிலேயே நடக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். முதல் வரன் தன் வேலையைப் பற்றிப் பேசும்போது, அவருடைய திரையில் ஸ்மிதா கொட்டாவி விட்டாள். இரண்டாமவருக்கு அவள் லேசான ஒன்றரைக் கண்ணோடு தெரிந்தாள். மூன்றாமவரின் அம்மாவை அவள் முறைத்த முறைப்பு எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. இந்தப் பக்கம் ஸ்மிதா பட்டுப்புடவையில் பதவிசாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனவே வலியும் கிடையாது.

நாலாவது வரன் கேசவ். கலிபோர்னியா.

"அண்ணா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு, கேட்டியோ. ஜாதகத்தோட ஒரு லெட்டர் வெச்சிருந்தார். படிச்சு அப்படிச் சிரிச்சேன்."

"ஷரி."

"உன் மெஷின் படுத்தாதே? இதுவும் போனா, எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நானே நம்பிடுவேன்."

"படுத்தாது," என்றேன். படுத்தவில்லை. மிகச் சரியாக வேலை செய்தது.

"ஊரை விட்டு இவ்வளவு தூரம் வர உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் கேசவ். பெரியவர்கள் சுற்றி இருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டார்கள். ஸ்மிதா அழகாகத் தலையைச் சாய்த்து ஆட்டினாள். அது அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடி; அதற்குள் நான் ஒரு விசையைத் தட்டினேன். கலிபோர்னியாவில் அவள் இடமும் வலமுமாக, மெதுவாக, மாட்டேன் என்று ஆட்டினாள். கண்ணைத் தாழ்த்தியது நான் சேர்த்தது. அவர் மனம் புண்படக் கூடாது.

"ஓ. புரியறது. ரொம்ப தாங்க்ஸ்," என்றார் கேசவ். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். பத்து நாளில் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று கடிதம் வந்தது.

போன மாதம் உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் கேசவ் ஊருக்கு வந்திருக்கிறார். இருவரும் பந்தியில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். ஸ்மிதா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நான் மாட்டேன்னு தலையாட்டினேனாமே, அண்ணா. எப்ப ஆட்டினேன்?"

"நீ ஆட்டலை. தலை ஆட்டித்து."

"எத்தனை பேர்கிட்ட இப்படி?"

"நாலு பேர்கிட்டயும்."

"எதுக்குடா?"

"மார்ச்சுல ஜெர்மன்காரா வராளே, ஸ்மி."

அவள் அழவில்லை. ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். அந்த முகபாவம் எங்கள் தொகுப்பில் இல்லை. குறித்துவைத்துக்கொண்டேன்.

மறுநாளே பெங்களூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்களுக்குப் புகார் அனுப்பினாள். மெஷின் கதையைக் கேசவின் அப்பா நம்பவில்லை. பெண் நிலையில்லாத மனசுக்காரி என்கிறார். மாட்டேன் என்றது ஸ்மிதா அல்ல என்று போலீஸ் விசாரித்துச் சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. ஸ்மிதா கேட்டது அவ்வளவுதான்.

இன்று காலை நீங்கள் வரச்சொன்ன நேரத்துக்கு அவள் வராததால், இந்த அறையில், உங்கள் கம்ப்யூட்டரில் அவளை வரவழைத்துக் கொடுத்தேன். அடுத்த அறையில் என் லேப்டாப்போடு காத்திருந்தேன். "புகாரை வாபஸ் வாங்கிக்கறியாம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் தலையைச் சாய்த்து ஆட்டினாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "நல்ல பொண்ணு, மன்னிச்சுட்டா. நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா," என்று தோளில் தட்டினீர்கள்.

எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. யாருக்கும் பயந்து இதைச் சொல்லவில்லை. நேர்மையானவன் என்பதால் சொல்கிறேன். வெளியே பெஞ்சில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கான்ஸ்டபிளிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் ஸ்மிதா. பெங்களூர் ரயில் இன்று இரண்டு மணி நேரம் லேட். காலையில் உங்களைப் பார்த்துத் தலையாட்டியது நான்.