களப்பில் நின்ற மற்றப் படகு

பெயர்: ஸ்ரனிஸ்லாஸ் அனிற்றா. வயது: 52. பிறந்த இடம்: பேசாலை, மன்னார். தொழில்: வீட்டுப் பணி. முகவரி: பலேர்மோ நகரம், கால்சா, ஸ்பாசிமோ வீதிக்குப் பின்னுள்ள ஒழுங்கை, இரண்டாம் மாடி. வாக்குமூலம் பதியப்பட்ட நாள்: 2024 செப்டம்பர் 19, முற்பகல் 10.20. தமிழில் நான் சொல்வதை பிரணவன் என்ற மொழிபெயர்ப்பாளர் இத்தாலிய மொழியில் சொல்ல, விசாரணை அதிகாரி பதிகிறார்.

நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் கணவர் கியோம் முத்துசாமி, வயது 57, காணாமற்போனது தொடர்பாகச் சொல்வதாவது:

என் கணவர் மொரீசியஸ் தீவில் பிறந்தவர். அவருடைய மூதாதையர் தமிழர். அவர் பலேர்மோவுக்கு வந்து லா காலா துறைமுகத்தில் படகு திருத்தும் பட்டறையில் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கல்யாணம் செய்த பிறகு என்னிடம்தான் கற்றுக்கொண்டார், ஆகையால் மன்னார் ஆட்கள் கதைப்பது போலவே கதைப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பட்டறையில் உரிமையாளர் கைவிட்ட பதினொரு மீற்றர் பாய்மரப் படகொன்று பல வருடமாகக் கிடந்தது. அதை அவர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வருடங்கள் திருத்தினார். நான் அதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்து மாதா கோயிலின் பெயரான மருதமடு என்று பெயர் வைத்தேன். 2021 செப்டம்பரில் நாங்கள் இருவரும் அதில் புறப்பட்டோம். அதன் பிறகு அத்திலாந்திக் கடலைக் கடந்து, பனாமாக் கால்வாய் வழியாகப் பசிபிக் கடலுக்குப் போய், 2023ஆம் ஆண்டு பொலினேசியாவின் மார்க்கேசாஸ் தீவுகளை அடைந்தோம். இருபத்திநான்கு வருடங்கள் மற்றவர்களுடைய வீடுகளைக் கழுவிய எனக்கு, அந்தத் தீவுக்காரர் எங்களையும் சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்து மாலை போட்டது முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சந்தோஷமாக இருந்தது. எங்களுக்குள் சண்டை இருந்ததா என்று கேட்கப்பட்டது. பாய் கட்டும்போது சத்தம் போடுவார். வேறு சண்டை இல்லை.

2024 ஜூன் 3ஆம் திகதி காலை, துவாமோட்டு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த, ஆட்கள் வசிக்காத ஒரு முருகைக்கல் (பவளப்பாறை) தீவின் களப்புக்குள் நுழைந்தோம். அந்தத் தீவை வரைபடத்தில் அதிகாரியிடம் காட்டினேன். தீவு வளையம் போல் இருக்கும், நடுவில் களப்பு, வெளியே கடல், இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு வாய். வருடத்தில் இரண்டு தடவை கொப்பறாவுக்குத் தேங்காய் வெட்ட ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனபோது ஒருவரும் இல்லை. களப்புக்குள் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு மட்டும் நங்கூரத்தில் நின்றது. நாங்கள் அதிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி நங்கூரம் போட்டோம்.

அதன் பிறகு மரியாதைக்காக ரப்பர் வள்ளத்தில் அந்தப் படகுக்குப் போனோம். கூப்பிட்டோம், பதில் இல்லை. என் கணவர் ஏறிப் பார்த்தார். தளம் முழுவதும் பறவை எச்சம் காய்ந்திருந்தது. உள்ளறைக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டிருந்தது. பூட்டு துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்ததை நானும் என் கையால் தொட்டுப் பார்த்தேன். "ஆரோ விட்டிட்டுப் போட்டினம். நல்ல படகு, பாவம்" என்று அவர் சொன்னார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

ஜூன் 5ஆம் திகதி அவர் ஒரு கலவாய் மீன் பிடித்தார். அந்தப் பக்கத்துக் களப்பு மீன்களில் சிலவேளை நஞ்சு இருக்கும் என்று மார்க்கேசாசில் ஒரு பெண் எங்களை எச்சரித்திருந்தாள். அது எனக்கு நினைவில் இருந்தது. அவருக்கும் நினைவில் இருந்தது. பெரிய மீனில்தான் நஞ்சு, இது சின்னது என்று அவர் சொன்னார். நான் அதைக் குழம்பும் சொதியுமாக வைத்தேன். அவர் மீனைச் சாப்பிட்டார். எனக்கு வயிறு சரியில்லாததால் சொதியை மட்டும் சோற்றில் விட்டுச் சாப்பிட்டேன். மீனை நான்தான் சமைத்தேன் என்பதை நான் மறுக்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் வாந்தி எடுத்தார். மறுநாள் காலை கை கால் விறைத்தது. அதன் பிறகு அவருக்குச் சூடும் குளிரும் மாறிவிட்டன. நான் கொடுத்த பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிறது என்று துப்பினார். தேத்தண்ணீரைக் குளிர்கிறது என்று ஒரே மூச்சில் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார். நான் செய்மதித் தொலைபேசியில் தாகித்தியில் உள்ள ஒரு வைத்தியருடன் பேசினேன். மீன் நஞ்சுதான், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, தண்ணீர் கொடுத்து நகரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். அவருடனும் பேச வேண்டும் என்று வைத்தியர் கேட்டதால் தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்தேன். அது குளிர்ந்திருந்தபடியால் அவருக்குக் கையைச் சுட்டிருக்க வேண்டும். கத்திக்கொண்டு களப்புக்குள் எறிந்துவிட்டார். படகில் இருந்த அவசர சமிக்ஞைக் கருவியை அமுக்கினேன். அதன் பற்றரி செத்திருந்தது. சாதாரண வானொலிக் கருவியில் அழைத்தேன். அது சில மைல்களுக்குத்தான் கேட்கும், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து தெற்குக் காற்று பலமாக அடித்து, களப்பின் வாயில் அலை உடைந்ததால் வெளியேற வழியில்லாமல் இருந்தது.

ஜூன் 7ஆம் திகதி மத்தியானம் அவர் தளத்தில் நிழலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் மற்றப் படகைப் பார்த்துக்கொண்டு, "நீ ஏன் என்னை விட்டிட்டு அங்கை போனனீ?" என்று கேட்டார்.

"நான் இஞ்சைதான் இருக்கிறன். ஒரு இடமும் போகேல்லை" என்றேன்.

"பொய் சொல்லாதை. கொடியிலை உடுப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறாய். நான் பாக்கிறன்" என்றார்.

நோயால் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம் அதே நேரத்தில் அதையே சொன்னார். அப்போது பார்த்தேன். அந்தப் படகின் கம்பியில் ஒரு துணி தொங்கியது. நாங்கள் முதல் நாள் போனபோது அங்கே துணி எதுவும் இருக்கவில்லை. பாயின் உறை கிழிந்து காற்றில் வந்து மாட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூன் 9ஆம் திகதி தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பூட்டைக் காணவில்லை. தளம் கழுவியிருந்தது. வீடு கழுவுகிற எனக்கு, கழுவிய தளத்தையும் மழையில் நனைந்த தளத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். அந்த நாட்களில் மழை பெய்யவில்லை.

அதன் பிறகு எனக்குப் பயம் வந்தது. அவர் அங்கே போய்விடாதபடி ரப்பர் வள்ளத்து எஞ்சினைத் தொடக்கும் கயிற்றைக் கழற்றி என் உடுப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். துடுப்புகளை ஒளிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 10ஆம் திகதி மத்தியானம் பன்னிரண்டேகால் மணிக்கு அவருக்குக் கஞ்சி காய்ச்சக் கீழே இறங்கினேன். வெயில் நேர் மேலே நின்றது. பத்து நிமிடத்தில் மேலே வந்தபோது அவர் படுத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டிருந்தார். விறைத்த கையால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தவர், நேராகவும் அமைதியாகவும் துடுப்புப் போட்டார். "இஞ்சாருங்கோ, திரும்பி வாங்கோ! நான் இஞ்சை நிக்கிறன்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் அந்தப் படகை அடைந்ததும் கதவுக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்து, குனிந்து, வள்ளத்தின் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டினாள். அதை வெறுங்கண்ணால் கண்டேன். அதன் பிறகு தூரக்கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஏறிச் செருப்பைக் கழற்றினார். அவள் வாளியில் தண்ணீர் அள்ளி அவர் காலில் ஊற்றினாள். அவர் கத்தவில்லை. நான் மறுபடியும் கூப்பிட்டேன். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் தோள் கிழிந்து கறுப்பு நூலால் தைத்த மண்ணிறச் சட்டை போட்டிருந்தாள். அந்தச் சட்டையை அப்போது நான் போட்டிருந்தேன். அவளுடைய முகம் என்னுடைய முகம்.

என் கணவர் கையை உயர்த்தி, நோய் வருவதற்கு முன் இருந்த குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அனிற்றா, இஞ்சை தண்ணி சுடேல்லை. நல்லாக் குளிருது. வா."

அந்தத் தீவுகள் பிரான்சுக்குச் சொந்தமானவை. பிறகு என்னை விசாரித்த பிரெஞ்சுப் பொலிசாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் போன நேரத்தில் நான் நித்திரை என்று சொன்னேன். அது பொய்.

அவள் அவருடைய முதுகில் கை வைத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. நான் போகவில்லை. வள்ளம் அங்கே இருந்தது, ஆனால் நான் பேசாலைக் கடலில் நீந்தப் பழகியவள், இருநூறு மீற்றர் எனக்குத் தூரமில்லை. களப்பில் சுறாக்கள் உண்டு, சிறியவை, ஆட்களைக் கண்டால் விலகிவிடும். நான் நின்றது அவற்றுக்குப் பயந்து அல்ல. அங்கே போனால் அவளிலும் என்னிலும் யார் திரும்பி வருவது என்று எனக்குத் தெரியவில்லை. பொழுது படும்வரை தளத்தில் இருந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செபமாலையைக் கையில் எடுத்தேன், ஆனால் அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

மறுநாள், ஜூன் 11ஆம் திகதி காலை, காற்று நின்றுவிட்டது. களப்பின் வாயில் அலை இல்லை. ஊதுகுழலை எடுத்துப் பலமுறை ஊதினேன். பதில் இல்லை. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். கம்பியில் துணி இல்லை. தளத்தில் பறவை எச்சம் இருந்தது. கதவில் பூட்டு இருந்தது.

அதன் பிறகு நங்கூரத்தைத் தூக்கினேன். வாய்க்குப் போகும் வழி அந்தப் படகுக்கு முப்பது மீற்றர் பக்கத்தால் போகிறது. ரப்பர் வள்ளம் அதில் கட்டியிருந்தது. அவருடைய செருப்புகள் கதவுக்கு முன்னால், வீட்டுக்குள் போகிறவர் கழற்றி வைப்பது போல் சேர்ந்திருந்தன. அதைக் கண்டும் நான் எஞ்சினை நிறுத்தவில்லை. தனியாகப் படகோட்டி அறியாத நான், முப்பத்தொரு மணித்தியாலம் சுக்கானைக் கையில் பிடித்தபடி ஆட்கள் உள்ள தீவுக்கு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 14ஆம் திகதி பிரெஞ்சுப் பொலிசார் அந்தத் தீவுக்குப் போனார்கள். வள்ளத்தையும் செருப்பையும் எடுத்து வந்தார்கள். பூட்டு பல காலமாகத் திறக்கப்படவில்லை என்றும், அதை வெட்டித்தான் உள்ளே போனார்கள் என்றும், உள்ளே தூசியைத் தவிர ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். சுழியோடிகள் நான்கு நாட்கள் களப்பில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அந்தப் படகில் யாராவது இறந்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் இறக்கவில்லை. அதன் உரிமையாளர்களான கணவனும் மனைவியும் இரண்டு வருடங்களுக்கு முன் படகை விட்டுவிட்டு பிரான்சுக்குத் திரும்பி, இப்போதும் சுகமாக இருக்கிறார்கள். நோயின் மயக்கத்தில் என் கணவர் தண்ணீரில் விழுந்திருப்பார், களப்பின் நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

சொதியில் இருந்த நஞ்சு என் கண்ணையும் மாற்றியிருக்கலாம் என்று இங்குள்ள வைத்தியர் சொன்னார். இருக்கலாம். எனக்கு உதடு மட்டும் இரண்டு நாள் விறைத்தது. சூடு சூடாகவும் குளிர் குளிராகவும்தான் இருந்தன. நான் கண்டதைச் சொல்கிறேன். அது என்ன என்று சொல்ல எனக்குத் தெரியாது.

பகேரியாவில் வசிக்கும் என் கணவரின் தங்கை இவெத், நான் அவருக்கு நஞ்சு மீன் கொடுத்து, கைவிட்டு வந்தேன் என்று முறைப்பாடு செய்திருப்பதாக எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. முறைப்பாடு செய்வதற்கு முன் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதவு வாசலில் நின்றபடியே, "சாகிறதுக்கு முன்னால் என் அண்ணன் உன்னைக் கூப்பிட்டாரா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். நான் நித்திரை என்று பிரெஞ்சுப் பொலிசாருக்குச் சொன்ன பொய்யை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. நான் பேசாமல் நின்றதை அவள் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டார் என்ற பதிலை அவளுக்குக் கொடுக்கவே இன்று நானாக இங்கே வந்தேன்.

வேறு சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. இல்லை.

இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட இந்த வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் திருப்பி வாசித்தார். ஓரிடத்தில் "போக முடியவில்லை" என்று இருந்தது. அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதை வெட்டி, "போகவில்லை" என்று எழுதும்படி கேட்டேன். அதிகாரி அப்படியே வெட்டி எழுதினார், வெட்டிய இடத்தில் நான் என் பெயரின் முதல் எழுத்தை வைத்தேன். மற்ற எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் அறிந்தவரையில் உண்மை. என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஸ்ரனிஸ்லாஸ் அனிற்றா