அஸருக்கு நிறுத்திய படம்

பழைய பேய்ப் படங்களைப் பகலில்தான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஐயா. சோறு தின்ற பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் அதன் சுகமே வேறு.

எல்லாப் பேய்ப் படங்களையும் சொல்லவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு வகை உண்டு. கல்லறையைத் தோண்டுவார்கள், சாபம் எழுதிய கல்லை உடைப்பார்கள், துணி சுற்றிய பிணம் எழுந்து ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்து வரும். மாத்தளை டவுனில் நான் வீடியோக் கடை வைத்திருந்தபோது அவற்றை வாடகைக்கு எடுக்க ஓர் ஆளும் வந்ததில்லை. நானே பார்த்தேன். என் மனைவி ஸுலைஹா, "இந்தச் செத்த மையத்துகளையெல்லாம் வீட்டுக்குள்ள வெச்சிப் பாத்தா பரக்கத்து வருமா" என்பாள். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டுவான். அதனால், சிவராசா சேர் அலுவிகாரையில் எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்து, தனக்கும் இந்தப் படங்கள் விருப்பம் என்று சொன்னபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காணிக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். அவரிடம் எனக்கு ஒரேயொரு குறைதான் இருந்தது. படத்தை இடையில் நிறுத்தினால் அவருக்குப் பொறுக்காது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எங்கள் வீட்டில் டிவி நிற்க வேண்டும். நான் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவேன். படம் சூடுபிடிக்கிற இடத்தில்தான் எப்போதும் பாங்கு கேட்கும். முன்கூட்டியே தொடங்கியிருக்கலாமே என்பீர்கள். லுஹர் தொழுது, சாப்பிட்டு, சேர் ஒரு கண் தூங்கி எழுந்து வருவதற்குள் நேரம் போய்விடும். நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது அவர் மிச்சத்தை ஓடவிட்டுப் பார்த்து முடித்திருப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "பூசாரிதான் கடைசியில கல்லறைக்குள்ள மாட்டுப்பட்டவன், நானா" என்று சொல்லிவிடுவார். அண்ணன் முறையில் என்னை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார். எத்தனையோ முறை தயவாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படியும் பிணம் எரியத்தானே போகிறது என்று சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன்.

அவருக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது. படத்தில் பிணம் எழும்பினால் சேட்டுப் பையிலிருந்து சின்னக் குளிசை ஒன்றை எடுத்து நாக்குக்குக் கீழே வைத்துக்கொள்வார். மனைவி மங்கையற்கரசி அதைப் பைக்குள் போட்டுத்தான் அனுப்புவார். போனும் அதே பைக்குள்தான். வெயிலில் நடந்து வந்த புழுக்கத்துக்கு சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெனியனோடு உட்காருவார். ஸுலைஹா வீட்டில் இருந்தால் கழற்றமாட்டார்.

என்னிடம் மெக்சிக்கோப் படக் கசட் ஒன்று இருந்தது. ஒரு ராணியை உயிரோடு துணி சுற்றிப் புதைத்துவிடுவார்கள். பல காலத்துக்குப் பிறகு பெட்டிக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்கும், மூடி அசையும். அந்த இடத்தில் கசட் அறுந்திருந்தது. பெட்டிக்குள் இருப்பது ராணிதானா, வேறு யாருமா என்று தெரியாமலே என் தாடி நரைத்துவிட்டது. இந்த வருஷம், வஹகோட்டைக்காரர் ஒருவருடைய மகன் இத்தாலியில் எங்கோ தேடி முழுப் படத்தையும் அனுப்பினான்.

தனியாகப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சேரோடு சேர்ந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நான் வாக்கு மாறுகிறவன் அல்ல.

ஸுலைஹா மகள் நிஹ்லாவின் வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து அவரை அழைத்தேன். மூடி அசைகிற இடத்தில் பாங்கு கேட்டது. நிறுத்தினேன். "இன்னக்காவது நான் வார வரைக்கும் இரிங்க, சேர்" என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அவர் முகம் கழுவப் போன நேரம் ஆணியில் இருந்த சேட்டை எடுத்துப் பின்பக்கக் கொடியில் போட்டேன். வியர்வை காயட்டும் என்று போட்டதாக ஸுலைஹாவிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே எடுத்தேன்.

இந்தப் படங்களில் ஒரு நியாயம் உண்டு, ஐயா. பொறுமையில்லாமல் கல்லறையைத் திறக்கிறவன்தான் அடிபடுவான். சேர் பொறுத்திருந்தால் நெஞ்சு படபடக்காது, குளிசையும் தேவைப்படாது. முடிவை அவர் கையில் விட்டுவிட்டுத்தான் நான் தொழப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் கதிரையிலிருந்து கீழே சரிந்திருந்தார். கை நெஞ்சில் இருந்தது, முகமெல்லாம் வேர்வை. நான் முதலில் டிவியைத்தான் பார்த்தேன். பெட்டியின் மூடி, நான் நிறுத்திய அதே இடத்தில் நின்றது.

"நீங்கள் வரட்டுமெண்டு நான் தொடேல்ல, நானா" என்றார் மெதுவாக. "சேட்டைக் காணேல்ல. ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

அறைக் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. வீடு முழுக்கத் தேடி நடந்திருக்கிறார். அந்த நடைதான் நெஞ்சைக் கெடுத்திருக்க வேண்டும்.

கொடி குசினி வாசலில்தான் இருக்கிறது. போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். குளிசை, த்ரீவீல், ஆஸ்பத்திரி, மங்கையற்கரசியின் அழுகை. அதற்குப் பிறகு அந்தப் படத்தை எப்போது பார்ப்பது? சேர் வந்த பிறகு, என்னை முந்திக்கொண்டு யாரும் முடிவைப் பார்க்காத ஒரு நாள் எனக்கு அமைந்ததே இல்லை. கதிரையில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டேன். சேர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். படத்தைப் பாருங்கள் என்று கையைக் காட்டினேன். ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பெட்டிக்குள் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டேன். படம் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்வது கெட்ட பழக்கம்.

எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு போய் சேட்டை எடுத்து வந்தேன். அவர் மௌத்தாகியிருந்தார். ஸெய்னுலாப்தீனாகிய நான்தான் அவரைச் சாகவிட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இதையும் எழுத வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து கடைசி வரை பார்த்த படம் அது ஒன்றுதான். சேருக்கும் பிடித்திருக்கும்.