ஐந்தாம் கட்டிலில் ஒத்திகை

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கொட்டாவி விடாத நர்ஸ் இன்னும் பிறக்கவில்லை, ஐயா. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். காலை ஷிப்டில் நின்று நின்று கால் வீங்கி, சாப்பிட்ட கையோடு வந்து உட்காருகிற பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நின்று, இதய நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று பதினொரு வருடம் பாடம் எடுத்தேன்.

போன வருடக் கடைசியில் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். பாடமெல்லாம் இனி போனிலேயே வந்துவிடுமாம். படத்தைப் பார்த்துவிட்டுப் பதிலைத் தட்டினால் சான்றிதழும் கையோடு வந்துவிடுமாம். "உங்களுக்கும் முட்டி வலி. இனிமே கொஞ்சம் ஓய்வா இருங்கக்கா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வார்டில் ஓடியாட இந்த முட்டி விடாது. வகுப்பும் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. மூன்று மாதம் கொடுங்கள், வகுப்பின் பலனைக் கண்ணால் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படித் தொடங்கியதுதான் ஒத்திகை. நோயாளியின் மார்பில் ஒட்டியிருக்கும் கம்பிகளில் ஒன்றை லேசாகத் தளர்த்திவிட்டால் போதும், இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு தாறுமாறாக நடுங்கும். இதயம் துடிப்பை மறந்து உதறும்போது வருகிற கோடும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். மணி அடிக்கும். பிள்ளைகள் ஓடி வருவார்கள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் வாரம் பதினெட்டு வினாடியில் வந்தார்கள். அன்றைய வகுப்பில் ஒருத்தி கூடக் கொட்டாவி விடவில்லை. எனக்குப் பத்து வயது குறைந்தது போல இருந்தது.

ஐந்தாம் கட்டிலில் இருந்தவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொல்லாத குறும்புக்காரர். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். முப்பது வருடம் டிராபிக்கில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன் என்றார். நான்கு முறை நடித்தார். பிள்ளைகள் பதறி வந்து குனியும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து சிமிட்டுவார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நல்லா செத்தேனா?" என்பார். வார்டே சிரிக்கும்.

சிரிப்பு வந்ததும் ஓட்டம் நின்றது. மூன்றாவது முறையே நடந்துதான் வந்தார்கள். வந்ததும் நேராகக் கம்பியைத் தேடினார்கள். அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். இன்னும் ஒரே வாரம், மேட்ரன் வந்து பார்க்கட்டும், பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மேட்ரன் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். நான் அன்று எந்தக் கம்பியையும் தொடவில்லை. மூன்றாம் கட்டிலில் செய்யலாம் என்றிருந்தேன். அதற்குள் ஐந்தாம் கட்டிலின் மணி அடித்தது.

டியூட்டியில் இருந்தவளை நாங்கள் புதுசு என்று கூப்பிடுவோம். வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிராயரிலிருந்து புது ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டு போனாள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டினாள். அவர் குறட்டை போல ஒருமுறை மூச்சை இழுத்தார். கடைசி மூச்சு அப்படித்தான் வரும், அதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவள் கேட்டதில்லை.

"போதும் தாத்தா, கண்ணைத் திறங்க. மேட்ரன் வந்திருக்காங்க" என்றாள்.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். மணி அடித்த கணமே இது ஒத்திகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இதுவும் ஒத்திகைதான் என்று நம்பி மேட்ரன் என் தோளோடு தோளாக நின்றார். நான் வாயைத் திறந்தால், பதினொரு வருடம் சொல்லிக்கொடுத்தும் ஒன்றும் ஏறவில்லை என்றாகிவிடும். இதோ கண்டுபிடித்துவிடுவாள், இதோ கழுத்தில் கை வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நடுவில் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை நேரத்தில் முகத்தில் விடையைக் காட்டக் கூடாது. நான் காட்டவில்லை.

மூன்று நிமிடம் பத்து வினாடி. அதற்குப் பிறகுதான் அலறினாள், நானும் ஓடினேன், எல்லோரும் ஓடினோம். அவர் மனைவி, சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தார். அந்தச் சட்டையோடு வராந்தாவில் நின்றார்.

புதுசை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததும் என் வீட்டுக்கு வந்தாள். "நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

நீங்கள் அவளைப் பற்றி எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். அது இல்லாவிட்டால் இன்று இங்கே வந்திருப்பேனா என்று தெரியவில்லை. நான் தெரிந்தே நின்றேன், அவர் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில், அந்தப் பெண்ணுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒன்று விடாமல் செய்தாள்.