மீசையும் வைட்டமின் டியும்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. மாத்திரையைத் தொடமாட்டேன் என்று மீசை மேல் சத்தியம் செய்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதை இது. கூடத்தில் அவர், அவர் மனைவி, அவர்கள் மருமகள். டாக்டரிடம் பேசிவிட்டு மருமகள் இப்போதுதான் போனை வைத்திருக்கிறாள். பேச்சை மட்டும் கேளுங்கள்.

மருமகள்: நிஜமா சொல்லுங்க மாமா. வைட்டமின் டி மாத்திரை எதுவுமே போடலையா?

மெக்கானிக்: டாக்டர் எழுதிக் கொடுத்த அன்னைக்கே சொன்னேனே! அதைத் தொட்டா மீசையை எடுத்துடறேன்னு. இதோ... மீசை இருக்கா, இல்லையா?

மனைவி: இருக்கு, இருக்கு. குளவிக்கூடு மாதிரி.

மருமகள்: அப்புறம் எப்படி? போன தடவை ரத்தத்துல அந்தச் சத்து தரையில கிடந்துச்சு. இப்ப கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குதாம்.

மெக்கானிக்: வெயில்தான்!

மனைவி: எந்த வெயில்? காலைல லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா சாயந்தரம்தான் தலை தெரியுது. உங்களுக்குன்னு தனியா அங்க ஒரு சூரியன் உதிக்குதா?

மெக்கானிக்: டார்ச் இருக்கே...

மருமகள்: விளையாடாதீங்க மாமா. வெயிலால அளவு மீறாதாம், தோலே போதும்னு நிறுத்திக்குமாம். மீன், முட்டை மஞ்சக்கரு, காளான்... சாப்பாட்டாலயும் இப்படி எகிறாதாம். மாத்திரையும் போடலைன்னா வேற ஏதோ நோயாம். நாளைக்கே ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்றார்.

மனைவி: ஐயையோ... சேர்க்கவா?

மருமகள்: தண்ணி தண்ணின்னு பறக்கறது, குமட்டுதுங்கறது, பாத்ரூமுக்கு ஓடறது... எல்லாம் அதனாலதானாம்.

மனைவி: ஏங்க... அந்த ஞாயித்துக்கிழமைப் பால் இருக்கே...

மெக்கானிக்: தேன் போட்டுக் கொடுப்பியே, அதுவா?

மனைவி: தேன் மட்டும் இல்லைங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் சொன்னார்ல... நசுக்கிக் கலக்கிட்டேன்.

மெக்கானிக்: அடிப்பாவி! கட்டின புருஷனுக்கே திருட்டு மருந்தா?

மனைவி: உங்களுக்கு மீசை வேணும். எனக்கு மீசை வச்ச ஆளு வேணாமா?

மருமகள்: அத்தை... நீங்க ஞாயித்துக்கிழமையா?

மனைவி: ஏன்டி?

மருமகள்: நான் புதன்கிழமை. ஆம்லெட்டுக்குள்ள.

மனைவி: நீயுமா!

மெக்கானிக்: ஆஹா! ஒரே வீட்ல ரெண்டு திருடி! அதான் எனக்கு மட்டும் ஆம்லெட் தட்டை விட்டு வழிஞ்சுதா? நான் பாசம்னு நெனச்சேன்!

மருமகள்: பாசம்தான் மாமா...

மனைவி: கூடிப்போனா என்ன, சத்துதானே? மிச்சம் தண்ணியோட போயிடாதா?

மருமகள்: இது கொழுப்புல கரையற சத்து அத்தை. லேசுல வெளியே போகாது, உள்ளேயே உட்கார்ந்துக்கும். ரத்தத்துல கால்சியம் ஏறும். சிறுநீரகம் தாங்காது.

மெக்கானிக்: ஆறு பேர் ஏறற லிஃப்ட்ல பத்துப் பேரை ஏத்தினா? மணி அடிக்கும், கதவு மூடாது. எனக்கும் அதான்!

மனைவி: எங்க? பாத்ரூம் கதவு மூடினது மூடினபடிதானே இருக்கு!

மருமகள்: இருங்க, டாக்டருக்கே சொல்லிடறேன்... ஹலோ, டாக்டர்? வாரத்துக்கு ரெண்டு போயிருக்கு. ஆமா, எங்க கைவரிசைதான்... ஓ... அப்படியா? கொஞ்சம் லைன்லயே இருங்க.

மனைவி: என்னவாம்?

மருமகள்: கணக்கு உதைக்குதாம். ரெண்டுக்கு இவ்வளவு ஏறாதாம், இன்னொரு கை இருக்கணுமாம். மாத்திரைதான் காரணம்னு முழுசாத் தெரிஞ்சா எல்லாத்தையும் நிறுத்திட்டு, அவர் சொல்றபடி தண்ணி குடிச்சு, காலைல டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தா போதுமாம். தெரியலைன்னா... ஆஸ்பத்திரிதானாம்.

மனைவி: நான் ஒண்ணுக்கு மேல கலக்கலை. சத்தியமா!

மருமகள்: நானும்தான் அத்தை. வீட்ல வேற யாரு?

மெக்கானிக்: ...பூனை?

மனைவி: நம்ம வீட்ல ஏதுங்க பூனை?

மருமகள்: மாமா... மீசையை ஏன் பொத்திக்கிறீங்க?

மெக்கானிக்: சும்மா... அரிக்குது.

மனைவி: என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.

மெக்கானிக்: ஏணில ஏறும்போது முட்டி கடகடன்னுச்சு. பயந்துட்டேன். அடிச்ச சவடாலுக்கு உங்ககிட்ட வந்து கேக்க வாய் வரலை. லிஃப்ட் கூரை மேல, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு மாத்திரை அட்டை வச்சிருக்கேன். வாரா வாரம், வெள்ளிக்கிழமை... டாக்டர்கிட்ட மூணுன்னு சொல்லும்மா. அப்படியே... அந்தக் கத்திரிக்கோலையும் எடுத்துட்டு வா.

அவ்வளவுதான் கண்மணிகளே. உங்கள் வீட்டிலும் ஒளிந்து ஒளிந்து அன்பு காட்டும் கைகள் பெருகட்டும். மாத்திரை கொடுக்கும் கை மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். நோய்நொடி அண்டாமல், சிரிப்புச் சத்தம் ஓயாமல் உங்கள் வீடு தழைக்கட்டும்.