இன்னொருவர் பார்க்க வேண்டிய மஞ்சள்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் தங்கம்மாள் அம்மையாரே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே! கனத்த நெஞ்சோடு அனைவரையும் வணங்குகிறேன். என் பெயர் ரேவதி. மறைந்த முனைவர் சக்கரபாணி அவர்களின் ஆய்வில் கடைசிவரை கூட நின்ற ஒரே ஆள் நான்தான்.

அப்படி என்ன ஆய்வு என்று வாசலிலேயே பலர் கேட்டீர்கள். டெக்னீசியம் என்று ஓர் உலோகம். எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுகிறார்களே, அதுதான். அணு உலைக் கழிவிலும் அது உண்டு. அதைப் பிரித்தெடுக்க, அமிலத்தில் அது எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும். நீர்த்த அமிலத்தில் அதற்கு நிறம் கிடையாது. கந்தக அமிலம் அடர்த்தியாக ஆக, மஞ்சளாகும். அந்த மஞ்சள் எந்த இடத்தில் தொடங்குகிறது? இந்த ஒரு கேள்விக்காக வாழ்நாளையே கொடுத்த மனிதரை இனி எங்கே காண்போம்!

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் உள்ள குடுவையை ஒருவர் பார்க்கையில் மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இப்படி மாறி மாறிப் பார்த்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால்தான் எழுதலாம்.

"நிறத்தை அளக்க மெஷின் இருக்குதே, கண்ணு எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கும் சாட்சி வேணும்மா. ஒருத்தரே பாத்தா, ஆசைப்பட்டதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

கடைசிக் குடுவைக்கு அவர் 'மஞ்சள்' என்றார். நான் 'நிறமில்லை' என்றேன். கருவியும் தெளிவாக எதையும் காட்டவில்லை. கோபித்துக்கொண்டாரா? இல்லை! "நான்தான் ஆசைப்பட்டுட்டேன் போல. பௌர்ணமிக்கு ஊருக்குப் போறேன். வந்து திரும்பப் பாக்கலாம்" என்று பஸ் ஏறினார். மாரடைப்பு அவரைத் திரும்பி வர விடவில்லை.

இன்று காலை தங்கம்மாள் அம்மா என்னிடம் கேட்டார்: "வீட்ல வாயே தொறக்க மாட்டாருங்க. அங்க வந்து என்னதான் பேசுவாரு?"

நிறத்தின் பெயரைச் சொல்லுவோம் அம்மா. அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு சொல்லுக்கும் இன்று எனக்கு ஆள் இல்லை. தாங்க முடியாத தனிமையாக இருக்கிறது.

ஆனாலும் இந்த ஆய்வை நான் விடமாட்டேன். இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன்!

சக்கரபாணி ஐயா, நேற்று அந்தக் கடைசிக் குடுவையைப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் ஆசைப்பட்டுப் பார்த்தேன். இன்னொருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதை எழுத மாட்டேன்.